எடை மாறிய பிறகே அடுத்த அடி: வீட்டில் காலைநேரத் தாய் சி

மெதுவான அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சிக் கலையான தாய் சியைப் பழக விரும்பும் பெரும்பாலோரின் கண்கள் முதலில் கைகளின் மேல்தான் போய் நிற்கின்றன. பூங்காவில் முதியவர்கள் வரிசையாக நின்று கைகளை மெல்ல உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் வட்டமிடுவதையும் காணொளிகளில் பார்க்கும்போது, அந்தக் கையசைவுகளே கலை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், நடுவயதைக் கடந்த உடலோடு, வீட்டிலேயே இதைத் தொடங்குபவர் முதலில் கற்க வேண்டியது கால்களில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். உடலின் எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றொரு கால் பாரமற்றுப் போன பிறகே அதை எடுத்து வைப்பது என்ற ஒரே பழக்கம் பிடிபட்டுவிட்டால், கையசைவுகள் ஒவ்வொன்றாக அதன் மேல் வந்து அமரும். அது பிடிபடாமல் எத்தனை அசைவுகளை மனப்பாடம் செய்தாலும் முழங்காலுக்கு அதனால் நன்மை இல்லை. தருமபுரி நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் என் அத்தையும், அதாவது என் கணவரின் தாயாரும், காலைதோறும் செய்துவரும் பயிற்சியில்தான் இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. அதனால் அந்தப் பயிற்சியை நாங்கள் செய்யும் வரிசையிலேயே கூடியவரை விளக்கமாக எழுதுகிறேன்.

கலையின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்ற கிராமத்தில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் என்ற படைவீரரிடமிருந்து இதன் வரலாற்றை ஆய்வாளர்கள் தொடங்குகிறார்கள். இரண்டு நூற்றாண்டுகள் போல அந்தச் சென் குடும்பத்துக்குள்ளேயே இருந்த போர்ப்பயிற்சியை, வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்ட யாங் லூசான் (1799–1872) பெய்ஜிங் நகருக்குக் கொண்டுசென்றார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) தாவல்களையும் திடீர் வேகங்களையும் நீக்கி, விரிந்த, சீரான, மெதுவான அசைவுகளாக அதை அமைத்துப் பலருக்கும் கற்பித்தார். இன்று உலகமெங்கும் முதியவர்கள் செய்யும் தாய் சி பெரும்பாலும் அவர் வழியில் வந்தது. அந்த யாங் பாணியை அடிப்படையாகக் கொண்டு 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் 24 அசைவுகள் கொண்ட எளிய தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. முழுவதையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் கலையைச் சேர்த்துக்கொண்டது.

தமிழர்களாகிய நாம் இந்த இடத்தில் போதிதருமரை நினைப்பது இயல்பு. காஞ்சியிலிருந்து சென்ற அவர்தான் சீனர்களுக்குச் சண்டைக்கலையைக் கற்பித்தார் என்ற பேச்சு நம் வீடுகளில் பரவியிருப்பதால், தாய் சியும் நம்மிடமிருந்து போனதுதானே என்று என் உறவினர்களும் கேட்டார்கள். ஆனால் போதிதருமரைப் பற்றிய சண்டைக்கலை மரபுக்கதைகள் சீனாவின் ஷாவ்லின் என்ற புத்த மடத்தைச் சார்ந்தவை. அவையும் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. தாய் சியின் மரபுக்கதையில் முதல்வராக வருபவர் வூடாங் மலையைச் சேர்ந்த சாங் சான்ஃபெங் என்ற தாவோயியத் துறவி. அவரைப் பற்றியும் உறுதியான சான்று கிடையாது. இந்தக் கலையை மதித்துப் பழகுவதற்கு அது நம்முடையதாக இருக்க வேண்டிய தேவை இல்லை என்று நான் கருதுகிறேன். ஆனால் ஓர் ஒற்றுமையை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நம் சிலம்பத்திலும் மாணவன் கையில் கம்பு ஏறுவதற்கு முன்பே ஆசான் அவனுக்குக் காலடியைத்தான் பழக்குகிறார்.

எங்கள் மாவட்டத்தவருக்கு இந்த மென்மையான பயிற்சி ஏன் தேவை என்பதற்கு ஒரு காரணம் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் பாறைகளிலிருந்து கரைந்துவரும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் மிகுதியாக உள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய நீரைச் சிறுவயது முதல் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்புகளும் மூட்டுகளும் விறைத்துப்போய், குனிவதும் நிமிர்வதும் கழுத்தைத் திருப்புவதும் கடினமாகிவிடுகின்றன. ஜப்பானின் நிதியுதவியோடு அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு காவிரி நீர் வீடுகளுக்கு வரத் தொடங்கியது; ஆனால் அதற்கு முன்பே முதுமையை எட்டியவர்கள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே கழித்துவிட்டார்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த என் அத்தையும் அவர்களில் ஒருவர். அவருடைய முழங்கால்களுக்கு மருத்துவர் சொன்ன பெயர் மூட்டுத் தேய்மானம்தான் என்றாலும், எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இடுப்பும் முழங்காலும் காலையில் எழும்போது ஒத்துழைப்பதில்லை என்றே சொல்வார்கள். இந்த விறைப்பைத் தாய் சி போக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரைடால் எலும்பில் ஏற்பட்ட மாற்றத்தை எந்த உடற்பயிற்சியாலும் திருப்ப முடியாது. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மீதமிருக்கும் அசைவைக் காப்பாற்றிக்கொள்வதும், கீழே விழாமல் இருப்பதும்தான் நாம் இதனிடம் எதிர்பார்க்கக்கூடியவை. அந்த இரண்டும் ஒரு முதியவரின் நாளில் எவ்வளவு பெரியவை என்பதை வீட்டில் முதியவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அறிவார்கள்.

இந்த எதிர்பார்ப்புக்கு ஆய்வுகளின் துணையும் இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த குழுவினர், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 12 வாரங்கள் தாய் சியும் மற்றவர்களுக்கு வழக்கமான பிசியோதெரபியும் அளித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பிரிவிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. அமெரிக்க வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு தன் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சியை உறுதியாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, முதியவர்கள் கீழே விழும் நிகழ்வுகளைத் தாய் சி 19 விழுக்காடு அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று சொன்னது. சான்றின் உறுதி குறைவு என்பதையும் அதே இடத்தில் அது குறிப்பிட்டிருக்கிறது. எங்கள் ஊர் எலும்பு மருத்துவரிடம் அத்தையை அழைத்துச் சென்றபோது அவர் சொன்ன அறிவுரையும் இதற்கு மாறாக இல்லை: சம்மணமிட்டு உட்கார வேண்டாம், படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடமாட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

நான் இதைக் கற்றது பெங்களூருவில் மகளின் வீட்டில் தங்கியிருந்த நாட்களில். அந்தக் குடியிருப்பில் வகுப்பு எடுத்த அம்மையார், முதல் சில வாரங்கள் எங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, நடக்க மட்டுமே விட்டார். கைகளை அசைக்க வேண்டும் என்ற ஆவலோடு வந்தவர்களில் சிலர் பொறுமையிழந்து நின்றுவிட்டார்கள். எனக்கோ அந்த வாரங்கள்தான் எல்லாவற்றையும் தந்தன. தருமபுரிக்குத் திரும்பிய பிறகு ஆசிரியர் இல்லாமலேயே என்னால் தொடர முடிந்ததற்கும், எழுபதைக் கடந்த அத்தைக்கு ஓரளவு சொல்லிக்கொடுக்க முடிந்ததற்கும் அதுவே காரணம்.

தொடங்குவதற்கு முன் சிலவற்றைக் கவனித்துக்கொள்வது நல்லது. அண்மையில் மூட்டு அறுவை செய்துகொண்டவர்களும், எலும்பு மிகவும் மெலிந்திருப்பதாக மருத்துவர் சொன்னவர்களும், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் கண் இருட்டும். ஆதலால் எழுந்து சற்று உட்கார்ந்து, பிறகு நின்று, வீட்டுக்குள் சிறிது நடமாடிய பின்னரே பயிற்சிக்கு வர வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும் என்பதால், எழுந்தவுடன் தொடங்குவதைவிட அந்த அரைமணியைக் கடந்து தொடங்குவதே சுகமானது. எங்கள் வீட்டில் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்கும், அத்தை பல் துலக்கி வெந்நீர் குடித்து முடிப்பதற்கும் அந்த நேரம் சரியாக இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யலாமா, ஏதேனும் சிறிது சாப்பிட வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு செய்யக் கூடாது.

இடம் பெரிதாக வேண்டியதில்லை. இரண்டு ஆள் கைநீட்டி நிற்கும் அளவு இருந்தால் போதும். தரையைத்தான் கவனிக்க வேண்டும். துடைத்த ஈரம் காயாத டைல்ஸ் தரை மிகவும் ஆபத்தானது. காலுறை மட்டும் அணிந்து டைல்ஸ் மேல் நிற்பது அதைவிட மோசம். பாய் விரித்துச் செய்தால் அதன் ஓரம் காலைத் தடுக்கும். எங்கள் கூடம் பழைய சிவப்பு சிமெண்டுத் தரை என்பதால் வெறுங்காலுக்குப் பிடிப்பு நன்றாக இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அந்தத் தரை சில்லென்று ஏறும்போது மெல்லிய அடிப்பாகம் கொண்ட கான்வாஸ் காலணியை இருவரும் அணிந்துகொள்கிறோம். அத்தைக்காக ஒரு கனமான மர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வது தவறு. உடல் சாயும்போது அதுவும் சேர்ந்து நகரும். நம்பிப் பிடித்தவரை அது காப்பாற்றாது.

முதலில் நிற்கிறோம். இரு பாதங்களையும் தோள் அகலத்தில், விரல்கள் நேர் முன்னோக்கி இருக்க வைத்து, முழங்கால்களைப் பூட்டாமல் சற்றே தளர்த்தி, மார்பை விடைக்காமல், தோள்களைக் கீழே விட்டு, முகவாயைச் சிறிது உள்வாங்கி, நுனிநாக்கு மேலண்ணத்தைத் தொட, மூக்கால் இயல்பாக மூச்சுவிட்டபடி சில நிமிடங்கள் நிற்க வேண்டும். எளிதென்று தோன்றும் இந்த நிலையில் நின்று பார்க்கும்போதுதான் நம் எடை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரியவருகிறது. பல ஆண்டுகளாக ஒரே இடுப்பில் குழந்தையையும் கூடையையும் சுமந்த பெண்களுக்கு அந்தச் சாய்வு உடலோடு ஊறியிருக்கும். அதைத் திருத்த முயல வேண்டாம். எடை குதிகாலில் இருக்கிறதா, விரல்களில் இருக்கிறதா, உட்பாதத்தில் இருக்கிறதா என்று உணர்ந்துகொண்டிருந்தால் போதும்.

அடுத்து எடை மாற்றம். நின்ற நிலையிலேயே இடுப்பை மெல்ல வலப்புறம் நகர்த்தி, எடை முழுவதையும் வலக்காலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முழுவதும் போய்விட்டதா என்பதை அறிய ஒரு சோதனை இருக்கிறது: இடது குதிகாலைத் தரையிலிருந்து மெதுவாக உயர்த்துங்கள். உயர்த்தும்போது உடல் இம்மியளவேனும் வலப்பக்கம் தள்ளப்பட்டால், இடக்காலில் இன்னும் எடை மிச்சம் இருந்தது என்று பொருள். உடல் அசையாமல் குதிகால் மட்டும் தானாகக் கிளம்பினால் எடை முழுதும் மாறிவிட்டது. அதன் பிறகு குதிகாலைத் தரையில் வைத்து, அதே நிதானத்தோடு எடையை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். யாங் செங்ஃபு தம் மாணவர்களுக்குச் சொன்ன பத்து விதிகளில் ஒன்று, எடை நிறைந்த காலையும் எடையற்ற காலையும் தெளிவாகப் பிரித்தறிவது. அந்த ஒரு விதிக்கே வீட்டில் தொடங்குபவர் முதல் மாதம் முழுவதையும் கொடுக்கலாம் என்பேன். அத்தை இதை நாற்காலியின் முதுகில் விரல்களை வைத்துக்கொண்டு செய்தார். முதலில் இறுகப் பற்றியிருந்த விரல்கள் நாளாக ஆகத் தளர்ந்து, இப்போது தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன.

அதன் பிறகு நடை. எடை முழுவதையும் ஒரு காலில் நிறுத்தி, மற்ற காலை முன்னால் நீட்டி, முதலில் குதிகாலை மட்டும் எடையில்லாமல் தரையில் வைக்க வேண்டும். வைத்த இடம் சரியில்லை என்றால் அந்தக் காலை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். முடிந்தால்தான் அடி சரியாக வைக்கப்பட்டது. பிறகு பாதம் படிந்து, முழங்கால் மடங்கி, எடை சிறிது சிறிதாக முன்காலுக்கு வரும். பின்னோக்கி நடக்கும்போதும் பக்கவாட்டில் நகரும்போதும் விரல்கள் முதலில் தொடும், குதிகால் பிறகு படியும். இவை நடக்கும்போதெல்லாம் தலையின் உயரம் மாறக் கூடாது.

இந்த உயரம் மாறாத நடையை அத்தைக்கு எப்படி விளக்குவது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில், ஒருநாள் என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்த அவரே, “இது தலையில குடத்தோட வரப்புல நடக்கற மாதிரிதானே கண்ணு?” என்று கேட்டார். சிறுமியாக இருந்த காலத்தில் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தளும்பத் தளும்ப நீர் நிறைந்த குடங்களோடு கிணற்றிலிருந்து வீடுவரை வரப்பில் நடந்து வந்தவர் அவர். வரப்பு வழுக்கும் என்பதால் முன்கால் மண்ணில் பிடித்துக்கொண்டதா என்று பார்த்த பிறகே பின்காலை எடுப்பார்களாம். இடுப்பு ஆடினால் நீர் சிந்தும், சிந்தினால் பாட்டியிடம் ஏச்சு விழும் என்று சொல்லிக்கொண்டே, நாற்காலியை விட்டு நகர்ந்து கூடத்தின் நடுவில் அடிகள் வைத்துக் காட்டினார். எங்கள் வகுப்பு அம்மையார் வாரக்கணக்கில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க முயன்ற எல்லாமே அந்த அடிகளில் இருந்தன: நிமிர்ந்த முதுகு, தாழ்ந்த தோள், நேராக முன்னே பார்க்கும் கண், எடையில்லாமல் தரையைத் தேடும் பாதம். “நீங்கதான் அத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்கணும்” என்றேன். அதை நான் மனமறிந்தே சொன்னேன். அந்தக் குடங்களில் வந்த நீரே அவருடைய மூட்டுகளுக்குக் கேடு செய்திருக்கக்கூடும் என்ற நினைப்பு அப்போது என்னை வருத்தியது. ஆனாலும் அந்த நடையின் நினைவு அவர் உடலை விட்டுப் போயிருக்கவில்லை.

கைகளுக்கு வருவோம். 24 அசைவுகளில் நாங்கள் நாள்தோறும் செய்வது நான்கைந்து மட்டுமே. தொடக்க அசைவில் இரு கைகளும் தோள் உயரத்துக்கு மெல்ல எழுந்து, முழங்கால்கள் சற்று மடங்கும்போது கூடவே தாழ்கின்றன. காட்டுக்குதிரையின் பிடரிமயிரைப் பிரிக்கும் அசைவையும், வெண்கொக்கு சிறகு விரிக்கும் அசைவையும், முழங்காலைத் தடவியபடி அடியெடுக்கும் அசைவையும் நான் செய்கிறேன். அத்தை அவற்றில் காலை மட்டும் செய்து கையை விட்டுவிடுகிறார். இருவரும் சேர்ந்து முழுமையாகச் செய்வது மேகக் கைகள் என்னும் அசைவு. தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல அசைவு இல்லை என்று கருதுவதால் இதை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

வலது கை கண் உயரத்தில், உள்ளங்கை நம் முகத்தைப் பார்க்க இருக்கிறது. இடது கை அடிவயிற்றின் முன்னால் இருக்கிறது. எடை வலக்காலுக்கு மாற மாற, இடுப்பு வலப்புறம் திரும்புகிறது. இடுப்பு திரும்புவதால் முகத்தின் முன்னிருந்த கையும் வலப்புறம் செல்கிறது. கை தானாக எங்கும் செல்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் மேற்கை இருக்கும். வலது ஓரத்தை அடைந்ததும் வலது உள்ளங்கை வெளிப்புறமாகத் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்குகிறது. அதே நேரத்தில் இடது கை கீழிருந்து மேலே எழுகிறது. எடை வலக்காலில் நிறைந்திருக்கும் இந்தக் கணத்தில்தான் இடக்கால் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைக்கிறது. பிறகு இடது கை முகத்தின் முன்னால் கடக்க, இடுப்பு இடப்புறம் திரும்பி, எடை இடக்காலுக்கு வந்து சேர, வலக்கால் மெல்ல இழுத்துக்கொள்ளப்பட்டு அருகில் வந்து நிற்கிறது. இடம் போதாதவர்கள் அடியெடுக்காமல் நின்ற இடத்திலேயே எடையை மாற்றிச் செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்தே செய்பவர்களுக்கும் இடுப்பின் திருப்பமும் தோளின் தளர்வும் கிடைக்கும். மூட்டுவலி மிகுந்த நாட்களில் அத்தை அப்படித்தான் செய்கிறார்.

மூச்சைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மூச்சை அசைவோடு பொருத்த வேண்டும் என்று தொடக்கத்திலேயே முயன்றால் மூச்சுத் திணறும், தோள் ஏறிக்கொள்ளும். மூக்கால் இயல்பாக மூச்சுவிட்டு வந்தால், கை உயரும்போது உள்ளே போவதும் தாழும்போது வெளியே வருவதும் நாளடைவில் தானாக அமையும்.

முழங்காலைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் தாய் சியால் முழங்கால் வலி வந்துவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது உண்மையும்கூட. முழங்கால் மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. எடை ஏறிய நிலையில் திருகப்படுவதை அது தாங்காது. பாதத்தைத் திருப்ப வேண்டிய இடம் வரும்போது, முதலில் அந்தக் காலிலிருந்து எடையை எடுத்துவிட்டு, குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்பி, பிறகு எடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மடங்கும் முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரல் இருக்கும் திசையில் செல்ல வேண்டும். உட்புறமாகச் சரியக் கூடாது. கால்விரல் நுனியைத் தாண்டி முன்னே போகவும் கூடாது. காணொளிகளில் இளைஞர்கள் தொடை தரைக்கு இணையாகும் அளவுக்குத் தாழ்ந்து செய்வதைப் பார்த்து அந்தத் தாழ்வை நாம் முயலவே வேண்டாம். சுன் லூடாங் (1860–1933) அமைத்த சுன் பாணியில் உடல் உயர்ந்தே நிற்கும். ஒரு கால் முன்னே போனால் மற்றதும் பின்தொடர்ந்து அருகில் வந்துவிடும். ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997-இல் மூட்டுவாதக்காரர்களுக்காக அமைத்த தாய் சித் தொகுப்பு இந்தச் சுன் பாணியையே அடிப்படையாகக் கொண்டது. யாங் பாணியைச் செய்யும்போதும் அதே உயர்ந்த நிலையில் நின்று செய்வதில் குறைவு ஒன்றும் இல்லை. பயிற்சிக்குப் பிறகு தசையில் இலேசான அசதி இருக்கலாம். மூட்டுக்குள் குத்தும் வலியோ, வீக்கமோ, சூடோ தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காணொளியைப் பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் குழப்பம் குறையும். ஆசிரியர் நம்மைப் பார்த்து நின்றால் அவருடைய வலது நமக்கு இடது ஆகிவிடும். ஆதலால் முதுகைக் காட்டி நின்று செய்துகாட்டும் காணொளிகளைத் தேடி எடுப்பது நல்லது. இன்று ஒருவருடையதையும் நாளை மற்றொருவருடையதையும் பார்த்தால் பாணிகள் கலந்து எதுவும் நிலைக்காது. ஒரே ஆசிரியரை எடுத்துக்கொண்டு, கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, சில விநாடிகளுக்கு மேல் ஓடவிடாமல், அந்தச் சில விநாடிகளைக் கால் வேறு கை வேறாகப் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்குப் பயன்பட்ட முறை. அப்படியும் ஒருமுறையேனும் நேரில் ஒரு ஆசிரியரிடம் நின்று காட்டித் திருத்திக்கொள்வதற்கு ஈடு எதுவும் இல்லை. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு எட்டும் தூரம்தான். எங்களைப் போன்றவர்கள் உறவினர் வீட்டுக்குப் போகும் நாட்களில் அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

மொத்தம் இருபது நிமிடங்களுக்குள் எங்கள் பயிற்சி முடிந்துவிடுகிறது. நிற்பதற்கும் எடை மாற்றத்துக்கும் பாதி நேரம், நடைக்குச் சிறிது, மேகக் கைகளுக்கு மீதி. வலி முற்றிலும் போய்விடவில்லை. பனிக்காலத்தில் அத்தை இப்போதும் சில இரவுகளில் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஆனால் எங்கள் வீட்டு வாசற்படி உயரமானது. அதில் இறங்கும்போது முன்பெல்லாம் சுவரை நோக்கிக் கை போகும், ஒரு சிறு தடுமாற்றத்தோடு கால் இறங்கும். இப்போது படியின் விளிம்பில் ஒரு கணம் நின்று, மேலே இருக்கும் காலில் எடையை நிறுத்திக்கொண்டு, கீழே வைக்கும் காலைத் தரை வாங்கிக்கொண்டதா என்று பார்த்த பிறகே உடலை இறக்குகிறார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் இன்றும் சொல்கிறேன். பிடித்துக்கொண்டே இப்படி இறங்குவதுதான் பாதுகாப்பு. எதிர்வீட்டில் ராகிக் களி கிண்டும் அம்மாளின் தோள்வலியைக் கேள்விப்பட்டு, அவருக்கு எடை மாற்றத்தைச் சொல்லிக்கொடுக்க அத்தையே தொடங்கியிருக்கிறார். தோளுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, காலில் நிலை இல்லாதவர்தான் தோளை இறுக்கிக்கொண்டு நிற்பார் என்று அத்தை சொன்ன விடை, எங்கள் வகுப்பில் நான் கேட்ட விளக்கத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் உறவினர்கள் வீட்டில் வந்து தங்கும் நாட்களிலும், மாங்காய்க் காலத்தில் ஊறுகாய் வேலை விடியலிலேயே தொடங்கிவிடும் நாட்களிலும் கூடத்தில் இடமும் நேரமும் இருக்காது. அந்த நாட்களில் சமையலறை மேடையின் முன்னால் நின்று எடையை மட்டும் வலமும் இடமும் மாற்றிக்கொள்கிறோம். பால் பொங்கும் நேரம் அதற்குப் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆறரை மணிக்கே கூடம் புழுங்கத் தொடங்குவதால் பயிற்சியை இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கிறது. நான் இப்போது பறவையின் வாலைப் பற்றும் அசைவைக் கற்று வருகிறேன். அதில் எடை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாறி மாறிப் போய் வருவதால், முன்கால் விரல்களை உயர்த்திப் பின்னே அமரும் இடம் இன்னும் எனக்குச் சீராக வரவில்லை. அது வந்த பிறகு அத்தைக்கு நாற்காலியோடு எப்படி அமைத்துக்கொடுப்பது என்பதை எழுதுகிறேன்.